அறுநூற்று நாற்பது கிராம்

பழைய பை மூன்று கிலோ நானூறு.
உள்ளே ஒரு ரொட்டித் துண்டுகூட வைக்கும் முன்னே.
இரும்புச் சட்டம், மெழுகேறிய கித்தான்,
இடது வாரில் என்றோ ஒரு நாய் கடித்த தடம்.

தோர்டிஸ், ரியூகான் ஊரில் பல் மருத்துவரின் உதவியாளர்.
நாற்பத்தாறு வயது.
போன செப்டம்பரில், இறக்கத்தில்,
முழங்கால் வாய் திறந்து பேசிவிட்டது.
அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் எடைதான்.
பல் துலக்கியின் பிடியை அறுத்தாள்: ஏழு கிராம்.
கரண்டிக் காம்பில் துளை போட்டாள்: நாலு.
தேயிலைப் பொட்டலங்களின் நூலைக் கத்தரித்தபோது
எய்லெவ் சொன்னான்:
"ஒரு வேளை பட்டினி கிட. இதைவிடக் குறையும்."

கடையில் மேசைமேல் இரண்டு பைகள்.
ஒன்றுக்குக் கம்பளிபோல் மெத்தென்ற துணி,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.
மற்றொன்று படகுப் பாய்க்கு நெய்யும் துணி,
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.
"கிழியுமா?"
கடைப்பெண் சாவியால் அழுத்திக் கீறினாள்.
வெள்ளையாய் ஒரு கோடு.
விரலால் தேய்த்ததும் அதுவும் இல்லை.
"மெத்தென்றதையும் ஒருதரம் மாட்டிப் பாருங்களேன்"
என்றாள் அந்தப் பெண்.
தோர்டிஸ் அதற்குள் கழித்தல் கணக்குப் போட்டு முடித்திருந்தாள்.

வீட்டில் சாலைக்குத் தூவும் உப்பு, முப்பத்தைந்து கிலோ.
மூன்று மாடி. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பதினோரு தடவை.
இரண்டாம் மாடிக் கதவு திறந்தது:
"வீடு மாற்றுகிறீர்களா?"
"இல்லை, பை வாங்கியிருக்கிறேன்."
கதவு மூடியது.
தையலில் ஓர் இழை பிரியவில்லை.

மாடிப்படியில் புதர் முளைப்பதில்லை.

பீடபூமியில் மூன்று மணிநேர மூடுபனிக்குப் பிறகு
திரை விலகியது.
துருவமான்கள், பத்தொன்பது.
காற்று முகத்துக்கு நேரே, எல்லாம் வாய்த்த மாதிரி.
வயிற்றால் ஊர்ந்தார்கள்.
இன்னும் நூறு மீட்டர் நெருங்கினால் போதும்.
முழங்கால் உயரப் பிர்ச்சுப் புதர் ஒன்று
போகிற போக்கில் பையைத் தொட்டது.

மொறமொறவென்று
ஒரு சிப்ஸ் பொட்டலத்தை
மலை முழுக்கக் கேட்கப் பிரித்ததுபோல.

சலசலப்புக்கு அஞ்சாத நரி பனங்காட்டில் இருக்கலாம்.
இங்கே பனையும் இல்லை, இது நரியும் இல்லை.
முதலில் ஒரு தாய்மான் தலை தூக்கியது.
அப்புறம் எல்லாக் கொம்புகளும்.
ஓடக்கூட இல்லை அவை. நடந்தே போயின,
கணுக்கால்கள் சொடக்குப் போடும் சத்தம் மட்டும்
பனிக்குள் கொஞ்ச நேரம் கேட்டது.

எய்லெவ் ஒன்றும் சொல்லவில்லை.
பழுப்புப் பாலாடைக்கட்டியில் ஒரு வில்லை சீவி நீட்டினான்.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கடையில் அவள் கேட்டவை இரண்டு: எவ்வளவு கனம், எவ்வளவு காலம்.
எவ்வளவு சத்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.
அந்தப் பெண்ணும் நேராகச் சொல்லவில்லை,
மாட்டிப் பாருங்கள் என்றாள், அவ்வளவுதான்.

இரவு கூடாரத்தில்
தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பைக்கு மாட்டிவிட்டாள்.
கைகளை வாரோடு முடிந்தாள்.
தலையில்லாத ஓர் ஆள்
கால்மாட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.
அவள் குளிரில் சுருண்டாள். பை கதகதப்பாகத் தூங்கியது.

மறுநாள் முழுக்கத் தூறல்.
சட்டை மழை குடித்துக் கனத்தது, ஊமையாகக் கனத்தது.
மூன்றாம் நாள் மதியம், நூற்று நாற்பது மீட்டர்.
ஒரே வெடி.
எலும்பு நீக்கிய இறைச்சி முப்பத்து மூன்று கிலோ.
பழைய பை முதுகில் இருந்திருந்தால் என்று
இறங்கும்போது ஒரு கணம் நினைத்தாள்.
முழங்காலிடம் கேட்கவில்லை.

வீட்டில், இறைச்சியைக் கூறு போடும் முன்பே,
உலர்ந்த சட்டையை மடித்துத் தராசில் வைத்தாள்.
ரத்தக்கறை, ஒட்டிய பிர்ச்சு இலைகள், எல்லாம் சேர்த்து
அறுநூற்று நாற்பது.

இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.
காலர் ஓரத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளி எடுத்தாள்.
எண் மாறவில்லை.